ஒட்டாமல் செய்த தொலைநோக்கி

எங்கள் கோயில் கிறிஸ்துமஸ் கமிட்டியின் செயலாளர் பொய் சொன்னார். மைக்கில் சொன்னார். ஊரே கேட்கச் சொன்னார். இன்றுவரை அதைத் திருத்தவில்லை. அக்கா செய்த காகிதத் தொலைநோக்கி மூடுபனியில் நனைந்து கிழியவில்லை. அவர் அதில் பசை போட்டார். அதனால் கிழிந்தது.

இதை முதலில் கோயில் ஆண்டு மலருக்குத்தான் எழுதிக் கொடுத்தேன். பக்கம் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். மலரின் ஆசிரியரும் அவர்தான். அதனால் இங்கே எழுதுகிறேன். நான் ஜீப் ஓட்டுகிறவன். காந்தலூரிலிருந்து பூண்டும் காரட்டும் ஏற்றுவேன், எஸ்டேட்டிலிருந்து ஆட்களை ஏற்றுவேன். எழுதுவது என் தொழில் இல்லை. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

அக்காவின் பெயரை எழுதப் போவதில்லை. எஸ்டேட்டில் இருப்பவர்களுக்கு அது தெரியும். மற்றவர்களுக்குத் தேவையில்லை. கூடப் பிறந்த அக்காவும் இல்லை. லயத்தில், எஸ்டேட் ஆட்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், எங்கள் வீட்டை ஒட்டி, கடைசி வீடு அவளுடையது. தேயிலைத் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் வேலை. கணவர் ஒருவர் இருந்ததாகச் சொல்வார்கள். அவரைப் பற்றிக் கேட்டால் அக்கா கேட்டவரின் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

அவளுக்குப் பசை ஆகாது. பசை மட்டும் இல்லை, ஸ்டேப்ளர், குண்டூசி, செல்லோ டேப், எதுவும் ஆகாது. கத்தரிக்கோலும் ஆகாது. ஒரு தாளை எடுத்தால் மடிக்க வேண்டும். மடித்ததைப் பிரிக்க வேண்டும். பிரித்ததைத் திரும்பவும் அதே மாதிரி மடிக்க வேண்டும். இந்த மூன்றும் நடந்தால்தான் அது அவளுக்கு ஒரு பொருள். இல்லாவிட்டால் குப்பை.

"ஒட்டுனது ஒட்டுனதுதான்யா. தப்பாப் போச்சுன்னா கிழிக்கத்தான் முடியும். மடிச்சது அப்பிடியா? தப்புன்னா பிரி. திரும்ப மடி. யாருக்கு என்ன நட்டம்?"

இதை அவள் ஒரு தத்துவமாகச் சொல்லவில்லை. சாம்பாரில் உப்பு குறைவு என்று சொல்கிற குரலில்தான் சொல்வாள். எல்லோரிடமும் சொல்வாள். கேட்காதவர்களிடமும் சொல்வாள். அதுதான் தொந்தரவு.

கல்யாணப் பத்திரிகை கொண்டு போய்க் கொடுத்தால் உட்காரச் சொல்வாள். அடுப்பில் கெட்டிலை வைத்து, அதன் ஆவியில் பத்திரிகைக் கவரைக் காட்டுவாள். ஒட்டின இடமெல்லாம் விட்டுக்கொடுக்கும். கவரை முழுசாக விரித்துத் தரையில் வைத்து, நாலு பக்கமும் பார்த்து, பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, பசை இல்லாமலே நிற்கிற மாதிரி வேறு விதமாக மடிப்பாள். பத்திரிகையை அதற்குள் போட்டு, கொண்டுவந்தவர் கையிலேயே திரும்பக் கொடுப்பாள். எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் கொடுப்பாள். ஒரு சூப்பர்வைசர் தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போய், அது திரும்பக் கைக்கு வந்ததும் எழுந்து போய்விட்டார். "நம்ம பத்திரிகைய வாங்க மாட்டேன்னுட்டாடே அவ!" என்று லயம் லயமாகச் சொல்லி முடித்தார். கல்யாணத்தன்று அக்கா முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தாள். சூப்பர்வைசர் அவள் இலைக்கு முன்னால் வந்து நின்றார்.

"நீ வர மாட்டேன்னுல்லா நெனச்சேன்."

"நீங்கதான பத்திரிக வச்சீங்க? ரசம் கொண்டாரச் சொல்லுங்க."

மாத்திரைப் பெட்டிக்குள் ஒரு தாள் வருமே, பிரித்தால் திரும்ப உள்ளே போகாத தாள், அதை அக்கா டிஸ்பென்சரியில் நின்றே பிரிப்பாள். இங்கிலீஷ் படிக்க வராது. எழுத்தைப் பார்க்கவே மாட்டாள். மடிப்பு ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்ப்பாள். பின்னால் ஆட்கள் காய்ச்சலோடு வரிசையில் நிற்பார்கள். கம்பவுண்டர் எட்டிப் பார்த்து, "மருந்துல எதும் சந்தேகமா?" என்பார். "மருந்து இருக்கட்டும். இத மடிச்சவன் கெட்டிக்காரன்" என்று சொல்லிவிட்டு, தாளை மடித்து உள்ளே தள்ளி மூடிவிட்டு நகர்வாள்.

நல்ல மனுஷி என்று மட்டும் எழுதினால் நானும் பொய் சொன்னதாகிவிடும். என் மகள் பள்ளிக்கூடத்துக்காகச் சார்ட் தாளில் ஒரு வீடு செய்தாள். அக்கா வந்தாள். பார்த்தாள். "இது வீடா? அட்டைக்குக் கட்டுல்லா போட்டு வச்சிருக்க" என்று சொல்லி, டேப்பை எல்லாம் உரித்துவிட்டாள். மகள் அழுதாள். அக்கா அதைக் கவனிக்காமல் அங்கேயே உட்கார்ந்து ஒரே தாளில் வேறு வீடு மடித்துக் கொடுத்தாள். ஜன்னல் திறந்து மூடியது. மகள் அதைத்தான் எடுத்துப் போனாள். சார்ட் தாளில் செய்யச் சொன்னதைச் செய்தித்தாளில் செய்ததற்காக டீச்சர் மதிப்பெண்ணைக் குறைத்தார். என் மனைவி அக்காவோடு பேசுவதை நிறுத்தினாள். நிறுத்தியது அக்காவுக்குத் தெரிந்ததா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

என் ஜீப்பின் தார்ப்பாயை நான் சுருட்டிக் கட்டுவது அவளுக்குப் பிடிக்காது. ஏறும்போதெல்லாம் அதை அவிழ்த்து மடித்துக் கட்டிவிட்டுத்தான் உட்காருவாள். "ஏ அக்கா, எங்களுக்கு நேரமாவுது" என்று மற்ற பெண்கள் கத்துவார்கள். "நனைஞ்சுக்கிட்டே போனா மட்டும் சீக்கிரம் போயிருவியளோ?" என்பாள்.

அக்கா பார்த்துச் செய்த நிஜத் தொலைநோக்கி மேலே போனது ஒரு கிறிஸ்துமஸ் அன்று. எங்கள் ஃபாதர் மலையாளி, சின்ன வயசு, எல்லாவற்றையும் பிரசங்கத்தில் சேர்த்துக்கொள்வார். காலைப் பூசையில் சொன்னார்: இன்று சாயங்காலம் ஒரு பெரிய தொலைநோக்கியை ராக்கெட்டில் வைத்து அனுப்புகிறார்கள். அது ராக்கெட்டுக்குள் அடங்காத அளவு பெரிது. அதனால் மடித்து வைத்திருக்கிறார்கள். மேலே போய் விரியும். ஆதியில் எரிந்த நட்சத்திரங்களின் வெளிச்சத்தைப் பார்க்கும். ஞானிகள் நட்சத்திரத்தைப் பார்த்து வந்த மாதிரி என்று ஏதோ சொல்லி முடித்தார். ஜனங்கள் கேக்கை நினைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் பூசை முடிந்ததும் ஃபாதரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஃபாதர், மடிச்சுக் கொண்டு போறாங்க, செரி. அங்ஙன யாரு விரிப்பா?"

"யாரும் வேண்டா சேச்சி. அது தானே விரியும்."

"பெறகு யாரு மடிப்பா?"

"மடிக்க வேண்டா. விரிஞ்சா அப்படியே நிக்கும். திரும்ப மடிக்க ஒக்காது."

"அப்ப பாதி வேலதான் செஞ்சிருக்கான்" என்றாள் அக்கா. ஃபாதர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. என் போனில் அது விரிகிற வீடியோவைத் தேடிக் கொடுத்தேன். உண்மையான படம் இல்லை, கம்ப்யூட்டரில் வரைந்தது. அடியில் பட்டம்போல ஐந்து அடுக்கு வெள்ளித் திரை விரியும். வெயில் படாமல் காக்க அந்தத் திரை. மேலே தேன்கூடு மாதிரி அறுகோண அறுகோணமாகத் தங்க நிறக் கண்ணாடி. கண்ணாடியின் இரண்டு பக்கமும் கதவு மாதிரி பின்னால் மடங்கியிருந்து முன்னால் வரும். அக்கா ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "திருப்பி ஓட்டு" என்றாள். வீடியோ பின்னால் ஓடாது என்றேன். போனை வாங்கி, அடியில் இருக்கிற கோட்டில் விரலை வைத்துப் பின்னால் இழுத்தாள். கண்ணாடி மடங்கியது, திரை சுருங்கியது, எல்லாம் ராக்கெட்டுக்குள் போய்விட்டது. அவளுக்கு வேண்டியது அந்தப் பாகம். விரிவதை எல்லோரும் பார்த்தார்கள். உலகத்தில் அது மூடுவதை உட்கார்ந்து பார்த்தவள் எங்கள் லயத்தின் கடைசி வீட்டுக்காரி ஒருத்தியாகத்தான் இருக்கும்.

முதல் வருஷம் செய்தித்தாளில் செய்தாள். விரிந்தது, மூடவில்லை. அடுத்த வருஷம் காலண்டர் தாளில் செய்தாள். மூடியது, ஆனால் ஐந்து அடுக்கும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு மறுபடி விரியவில்லை. அதற்குப் பிறகுதான் வெள்ளித்தாள். தேயிலைத் தூள் நிரப்பும் காகிதச் சாக்கின் உட்பக்கம் வெள்ளித்தாள் இருக்கும். கிழிந்த சாக்குகளைத் தொழிற்சாலைக்குப் பின்னால் எரிப்பார்கள். அக்கா கேட்டு வாங்கிக்கொண்டாள். நாலைந்து தாள்களை ஓரத்தில் ஒன்றுக்குள் ஒன்று கோத்து மடித்து ஒரே தாளாக்கினாள். அதிலும் பசை இல்லை.

அதை வீட்டுக்குக் கொண்டுபோகும்போது கேட்டில் வாட்ச்மேன் நிறுத்தினார். தூள் திருட்டு நடக்கிறது என்று அப்போது பேச்சு. நான் வெளியே ஜீப்போடு காத்துக்கொண்டிருந்தேன்.

"பைல என்ன?"

"தாளு."

"உள்ள தூளு இருக்கா?"

"பிரிச்சுப் பாருங்க."

உள்ளங்கை அளவுதான் இருந்தது. பிரித்தார். துண்டு அளவு ஆனது. இன்னும் பிரித்தார். பாய் அளவு ஆனது. வாட்ச்மேன் அறை முடிந்துவிட்டது, தாள் முடியவில்லை. ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். தூள் இல்லை.

"செரி, போ."

"மடிச்சுத் தாங்க."

"நீயே மடிச்சுக்கோ."

"பிரிச்சது நீங்கதான அண்ணாச்சி?"

அக்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியது. வெளியே வந்தவர்கள் எல்லோரும் நின்று யோசனை சொன்னார்கள். "அந்தக் காத உள்ள விடுங்க." "அதில்ல, இடப்பக்கத்துக் காது." "அண்ணாச்சி, தூளுதான் இல்லயே, தாளையாவது வச்சுக்கிட்டு டீ போடுங்க." வாட்ச்மேன் வியர்த்துவிட்டார். கடைசியில் அக்கா எழுந்து போய், ஒரு முனையைப் பிடித்து இழுத்து, இரண்டு தட்டுத் தட்டி, பைக்குள் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். அதற்குப் பிறகு அவர் அவள் பையைத் திறக்கவே இல்லை. அவள் எதை எடுத்துப் போயிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார். அவள் வேறு எதையும் எடுத்துப் போகவில்லை.

கடைசியில் செய்து முடித்ததை நான் பார்த்தேன். மூடியிருந்தால் ஒரு பைபிள் அளவு. ஒரு நூலை இழுத்தால் முதலில் திரை, அடுக்கு அடுக்காக, ஒன்றை ஒன்று தொடாமல் விரியும். பிறகு நடுவில் தங்கத் தாள் தேன்கூடு எழும்பும். கடைசியாக அதன் இரண்டு சிறகும் முன்னால் வரும். விரித்த குடை அளவு ஆகிவிடும். இன்னொரு நூலை இழுத்தால் எல்லாம் வந்த வழியே திரும்பிப் போகும்.

"நூலு மட்டும் போடலாமா அக்கா?" என்று கிண்டலாகக் கேட்டேன்.

"நூலு இழுத்தா வரும், விட்டா போவும். அது ஒண்ணையும் பிடிச்சு வைக்காது" என்றாள். பிறகு, அவளுக்கு வழக்கமே இல்லாத விதமாகக் கொஞ்சம் சிரித்து, "அவங்க செஞ்சது விரியும். நம்ம செஞ்சது விரியும், மூடும்" என்றாள்.

அதைச் செய்து முடித்த வருஷம், டிசம்பரோடு அவளுக்கு வேலை முடிகிறது. வேலை முடிந்தால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். எல்லோருக்கும் அதுதான் விதி. சங்கரன்கோவில் பக்கம் தம்பி வீட்டுக்குப் போகப் போகிறாள். பிறந்தது இந்த லயத்தில், தம்பி வீட்டுக்குப் போனது கல்யாணம் காட்சிக்கு மட்டும். அங்கே அவளை யாருக்கும் தெரியாது. இங்கே அவளைத் தெரிந்த எல்லோருக்கும் அவள் பத்திரிகையைப் பிரிக்கிறவள், பிள்ளையை அழவைக்கிறவள். என்னிடம் ஒரு நாள் சொன்னாள்: "கோயில்ல, எல்லாரு முன்னாலயும், ஒரு தடவ விரிச்சு மூடிட்டாப் போதும்யா. பெறகு எறங்கிருவேன்."

அவள் கேட்டது அவ்வளவுதான்.

கோயில் மைக்கைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எங்கள் எஸ்டேட்டில் எது நடந்தாலும் மைக்கில் சொன்னால்தான் நடந்தது. ஆடு காணாமல் போனது, தண்ணீர் வராது, டாக்டர் வருகிறார், எல்லாம் அதில்தான். ஒரு தடவை பெயர் மாறிப்போய், உயிரோடு இருந்த ஒரு தாத்தா இறந்துவிட்டதாகச் சொல்லிவிட்டார்கள். அவர் வாசலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். ஜனங்கள் மாலையோடு வந்தார்கள், அவரைப் பார்த்தார்கள், ஆனாலும் மாலையைத் திருப்பி எடுத்துப் போகவில்லை. ஓரமாக வைத்துவிட்டுப் போனார்கள். சொந்தக்காரர்கள் சாப்பாடு கொண்டுவந்தார்கள். அவரே நடந்து கோயிலுக்குப் போய், "நான் சாகலன்னு மைக்குல சொல்லுங்கய்யா" என்று கேட்டு, அதே மைக்கில் திருத்திச் சொன்ன பிறகுதான் ஓய்ந்தது. நேரில் பார்த்தது பெரிதில்லை. மைக்தான் பெரிது.

அந்த மைக் கிறிஸ்துமஸ் சமயத்தில் செயலாளர் கையில் இருக்கும். எஸ்டேட் ஆபீசில் கிளார்க். கெட்டவர் இல்லை என்று எல்லோரும் என்னிடம் சொல்கிறார்கள். நான் அவரைக் கெட்டவர் என்று சொல்லவில்லை. பசை போட்டார் என்று சொல்கிறேன்.

புல்கூடு மத்சரம் என்று ஒன்று உண்டு. குடில் போட்டி. இந்தப் பக்கத்துக் கோயில்களில் எல்லாம் குடில் கட்டுவார்கள், ஜட்ஜுகள் வந்து பார்த்து மார்க் போடுவார்கள். பக்கத்து எஸ்டேட்டுக்காரர்கள் ஒவ்வொரு வருஷமும் முதல் பரிசை எடுத்துவிடுவார்கள். அவர்கள் குடிலில் அருவி ஓடும், சிறகு வைத்த சம்மனசு பொம்மை சுற்றும். எங்களுக்கு எப்போதும் இரண்டாவது. செயலாளருக்கு அது ஒரு நோய் மாதிரி. அக்காவின் தொலைநோக்கியைப் பார்த்ததும் அவருக்குக் கண் விரிந்தது. "இது புதும! இத யாரும் வச்சிருக்க மாட்டான்" என்றார். குடிலுக்கு மேலே நட்சத்திரத்துக்குப் பதிலாக இதைத் தொங்கவிடலாம் என்று அவர்தான் சொன்னார். அதற்கு அக்கா சந்தோஷப்பட்டாள். நானும்தான்.

ஆனால் அவருக்குப் பயம் வந்துவிட்டது. நான் அப்போது குடிலுக்குப் பாசி இறக்கிக்கொண்டிருந்தேன். என் காதாலே கேட்டேன்.

"ஜட்ஜுங்க முன்னால விரியலன்னா என்ன செய்ய?"

"விரியும்."

"காத்து அடிச்சு மடங்கிட்டா?"

"மூடுற நூல இழுத்தாத்தான் மடங்கும்."

"அதுக்கில்லம்மா. விரிச்சே வச்சிருவோம். அவங்க வந்து பாத்துட்டுப் போகட்டும். எதுக்கு ரிஸ்க்?"

"விரிச்சே வைக்கணும்னா கடைல குடை வாங்கித் தொங்க விடுங்க" என்றாள் அக்கா.

ஜட்ஜுகள் வருகிற அன்று சாயங்காலம் நான்தான் அவர்களைப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஜீப்பில் ஏற்றி வந்தேன். அக்கா குளித்துப் பட்டுச்சேலை கட்ட வீட்டுக்குப் போயிருந்தாள். போகச் சொன்னது செயலாளர். "நான் பாத்துக்கிடுதேன், நீ போய் நல்ல சேல கட்டிட்டு வா, போட்டோ எடுப்பாங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நாங்கள் வந்து இறங்கும்போதுதான் அவளும் திரும்பி வந்தாள், தொலைநோக்கி விரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. "ஜட்ஜு ஜீப்பு வளைவுல வந்துட்டு, அதான் நானே இழுத்துட்டேன்" என்றார். அக்காவுக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் மூடுவதாவது தன் கையில் இருக்கிறதே என்று நினைத்திருப்பாள்.

ஜட்ஜுகள் பார்த்தார்கள். தலையாட்டினார்கள். விளக்கு வெளிச்சத்தில் தங்கத் தாள் மின்னியது. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஜட்ஜுகளில் ஒரு சிஸ்டர் அண்ணாந்து பார்த்து, "இதெல்லாம் மடிச்சதா? அப்போ மூடுமோ?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை யாராவது கேட்க வேண்டும் என்று அக்கா வருஷக்கணக்காகக் காத்திருந்தாள். முன்னால் வந்தாள். பட்டுச்சேலை முந்தானையை இடுப்பில் செருகினாள். மூடுகிற நூலைப் பிடித்து இழுத்தாள்.

வரவில்லை.

ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செயலாளர் "போதும், போதும்" என்றார். அக்காவுக்குத் தன் மடிப்பின் மேல் சந்தேகம் கிடையாது. நூல் எங்கோ சிக்கியிருக்கிறது என்று நினைத்து இன்னும் பலமாக இழுத்தாள். மேலிருந்து கீழாக ஐந்து அடுக்கும் ஒரே சத்தத்தில் கிழிந்தது. தேன்கூடு பிய்ந்து குடிலில் இருந்த சூசையப்பர் சிலை மேல் விழுந்தது. வெள்ளித்தாள் ஆட்டுக்குட்டிகளை மூடிக்கொண்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சூப்பர்வைசர் என்று சொல்கிறார்கள். எனக்குத் தெரியாது.

செயலாளர் மைக்கை எடுத்தார். "மூடுபனி காரணமாகக் காகிதம் நனைந்துவிட்டபடியால் இந்த அசம்பாவிதம் நடந்துவிட்டது. வந்திருக்கும் நடுவர்கள் இதைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்" என்றார். இதைத் தமிழில் ஒரு தடவையும் மலையாளத்தில் ஒரு தடவையும் சொன்னார்.

அக்கா தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "பனிய நான் நெனைக்கல" என்று மட்டும் சொன்னாள். இந்த மலையில் பிறந்து, இந்த மலையில் வேலை செய்து, பனியை நினைக்காமல் விட்டேன் என்று நம்பிவிட்டாள்.

எங்களுக்கு அந்த வருஷமும் இரண்டாம் பரிசுதான்.

மறுநாள் குப்பையைக் கீழே கொண்டுபோய்க் கொட்ட என் ஜீப்பில்தான் ஏற்றினார்கள். சாக்கில் வெள்ளித்தாள் தெரிந்தது. எடுத்துப் பார்த்தேன். மடிப்பு மூலைகள் எல்லாவற்றிலும், பட்டாணி அளவில், பசைத் துப்பாக்கியால் வைத்த பசை. கெட்டியாக உறைந்து, நகத்தால் சுரண்டினாலும் வராமல் இருந்தது. தாள் எங்கும் ஈரம் பட்ட அடையாளம் இல்லை. அது வெள்ளித்தாள். மூடுபனியில் நனையாமல் இருக்கத்தான் தேயிலைச் சாக்குக்குள் அதை வைக்கிறார்கள். எஸ்டேட் ஆபீசில் வேலை செய்கிற மனிதருக்கு இது தெரியாதா?

நேரே அவரிடம் போனேன்.

"பசை போட்டீங்களா?"

அவர் சுற்றிப் பார்த்தார். "நல்லதுக்குத்தான்டே போட்டேன். காத்துல மடங்கிட்டா மானம் போயிரும்லா? அவ திரும்ப மூடுவான்னு நான் கண்டேனா?"

"மூடும்னு சொல்லிக்கிட்டே இருந்தாளே."

"அவ ஆயிரம் சொல்லுவா. விடுடே. அவதான் போகப் போறால்லா."

இதுதான் அவர் சொன்னது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

கிழிந்த துண்டை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். "அத இங்ஙன கொண்டு வராத" என்றாள். பசையைப் பார் என்றேன். பார்க்கவில்லை. செயலாளரே ஒத்துக்கொண்டார் என்றேன். "என் மனசு ஆறட்டும்னு சொல்லுத. எனக்குத் தெரியும்யா. மைக்குல பனின்னு சொல்லியாச்சு. ஊரே கேட்டுச்சு" என்றாள். நான் கத்தினேன். அவள் ஒரு தட்டை எடுத்துச் செய்தித்தாளில் சுற்றினாள். சுற்றினாள் என்றுதான் எழுத முடியும். மடிக்கவில்லை.

ஜனவரியில் உடுமலைவரை என் ஜீப்பில்தான் இறக்கிவிட்டேன். ஏறும்போது தார்ப்பாயை அவள் தொடவில்லை. மறையூர் தாண்டியதும் தூறல் வந்தது. தார்ப்பாய் ஒரு பக்கம் அவிழ்ந்து அடித்துக்கொண்டே வந்தது. அவள் நனைந்துகொண்டு வந்தாள். நான் நிறுத்திக் கட்டினேன். எப்போதும்போல மோசமாகத்தான் கட்டினேன். திட்டுவாள் என்று நின்றேன். "போலாம்யா, பஸ்ஸு போயிரும்" என்றாள்.

போன வாரம் போனில் பேசினேன். தம்பி வீட்டில் எல்லோரும் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றாள். வெயில் அதிகம் என்றாள். கிறிஸ்துமஸ் வருகிறதே, என்ன செய்கிறாய் என்று கேட்டேன். தெருப் பிள்ளைகளுக்கு நட்சத்திரம் செய்து கொடுப்பதாகச் சொன்னாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எப்படி மடிக்கிறாய், மூடுமா என்று கேட்டேன்.

"மடிக்கல. வெட்டி ஒட்டிருதேன். பசை வாங்கி வச்சிருக்கேன். ஒட்டுனா நிக்குதுல்லா" என்றாள்.

நான் ஜீப்பை ஓரமாக நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவனைத் திட்டினேன். அவன் மேல் தப்பில்லை.

செயலாளர் அவர்களே, ஆண்டு மலரில் உங்களுக்குப் பக்கம் இல்லாமல் இருக்கலாம். இங்கே இருக்கிறது. என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு டீ கொடுத்து, "விடுடே" என்று சொல்வது பதில் இல்லை. ஃபாதர் மூலமாகச் சமாதானம் சொல்லி அனுப்புவதும் பதில் இல்லை. நான் சொல்வதை அவள் நம்பவில்லை. ஜட்ஜுகள் வந்து சொன்னாலும் நம்ப மாட்டாள். நீங்கள் மைக்கில் சொன்னதைத்தான் நம்புகிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து ஜனங்கள் எழுந்திருக்கும் முன்னால், நான் அவளைப் போனில் கூப்பிட்டு, போனை மைக் பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்பேன். மடிப்பில் தப்பா, பனி காரணமா, உங்கள் பசை காரணமா? எழுந்து வந்து, தமிழில் ஒரு தடவையும் மலையாளத்தில் ஒரு தடவையும் சொல்லுங்கள்.